கூடத்தில் ஓர் ஒற்றையடிப் பாதை

ஐந்தரை மாதம் கழித்து எங்கள் வீட்டைத் திறந்த காலையில் அம்மா உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் இரண்டு கைகளிலும் பெட்டிகளோடு அப்பா.

"இன்னாத்துக்கு நின்னுகினு கீற? வழி வுடு, கை வலிக்குது" என்றார் அப்பா.

"தரையப் பாருய்யா" என்றாள் அம்மா.

பூட்டிய வீட்டில் தூசு இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. திருவொற்றியூரில் எங்கள் சந்தின் ஒரு முனையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலை, மறுமுனையில் கடல். எந்தப் பக்கமிருந்து காற்று அடித்தாலும் கரித்தூள் வரும். விரலில் எடுத்துத் தேய்த்தால் மை போல் ஒட்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் தூசைப் பார்த்தே நாள் சொல்வார்கள். ஒரு நாள் பெருக்காவிட்டால் உள்ளங்கால் கறுக்கும். ஒரு வாரம் விட்டால் விரலால் பெயர் எழுதலாம். ஒரு மாதம் விட்டால் பூனை நடந்தது தெரியும். ஐந்தரை மாதத் தூசை நான் அன்றுதான் பார்த்தேன். சாம்பல் நிற ஜமக்காளம் விரித்தது போல் சுவருக்குச் சுவர் கிடந்தது.

அதன் நடுவில் ஒரு பாதை இருந்தது.

மைதானத்தின் குறுக்கே ஆட்கள் நடந்து நடந்து விழும் பாதையைப் போல, ஓர் ஆள் அகலத்துக்கு. வாசலில் தொடங்கிச் சாமி மாடத்துக்குப் போனது. அங்கிருந்து நாள்காட்டி மாட்டிய சுவருக்கு. அங்கிருந்து கூடத்தின் நடுவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு. அதோடு முடிந்தது. சமையலறைப் பக்கமோ உள்ளறைப் பக்கமோ ஒரு காலடி கூட இல்லை.

மாற்றுச் சாவி எதிர்வீட்டு நாஸ்டாக் கடை அத்தையிடம் இருந்தது. எனக்கு உறவில்லை, அம்மாவுக்கு இருபது வருடத் தோழி, அதனால் அத்தை. வெள்ளிக்கிழமை தோறும் வந்து விளக்கு ஏற்றும்படி அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை நடந்தால் எங்கள் ஊரில் பாதை விழாது. போன வெள்ளிக்கிழமைத் தடத்தை இந்த வெள்ளிக்கிழமைக்குள் தூசு மூடிவிடும். இது தினமும் நடந்த பாதை. நாள்காட்டியும் அதையே சொன்னது. நாங்கள் கிளம்பிய தை மாதத் தாள் அல்ல, நேற்றுவரை கிழிக்கப்பட்டு அன்றைய ஆடி மாதத் தாள் மேலே இருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் புத்தகப் பையோடு பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். பொறியியல் படித்து, பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். ஓர் இயந்திரம் எதனால் நின்றது என்பதை அதில் படிந்திருக்கும் அழுக்கை வைத்துக் கண்டுபிடிப்பது என் வேலையில் பாதி. கம்பெனி என்னை இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பியபோது அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருடம் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப்போன லாரி ஓட்டுநரான அப்பா, அந்தச் சரக்கு போய் இறங்கும் நாட்டைப் பார்த்ததில்லை. அதைக் காட்டியவள் நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

ஆகவே அம்மா தலையில் கைவைத்து உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தபோது நான் மின்விசிறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளறை மின்விசிறியின் இறக்கைகளில் தூசு பரவலாகப் படிந்திருந்தது. கூடத்து மின்விசிறியில் இறக்கைகளின் விளிம்பில் மட்டும் தடித்த கறுப்புக் கோடு. ஓடிய மின்விசிறியில்தான் தூசு அப்படிச் சேரும்.

"யாரோ தெனமும் வந்து, நாள் கிழிச்சிட்டு, ஃபேன் போட்டு, இந்தச் சேர்ல உக்காந்திருக்காங்க" என்றேன்.

"எவனோ குந்தி சரக்கு அடிச்சிருக்கான்" என்றார் அப்பா.

"பாட்டில் எங்க? நாத்தம் எங்க? இன்னொண்ணு பாரு நைனா, சேர் டிவி பக்கம் திரும்பல. செவுத்தப் பாத்து கீது. செவுத்தப் பாத்துகினு எவன் குடிப்பான்?"

அப்பா பெட்டியை வைத்துவிட்டு அந்தச் சுவரை நெருங்கிப் பார்த்தார். வெறும் சுவர். வெள்ளை அடித்து நான்கு வருடமாகிறது. ஆணி கூட இல்லை.

"வெங்காய மூட்ட, எண்ண டின்னு எல்லாம் கொண்டாந்து வச்சி குடோனு ஆக்கிட்டாளோ?" என்றாள் அம்மா.

"மூட்டை வச்சா தடம் இருக்கும்மா. சேர் தவிர ஒண்ணுமே இல்ல."

அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டாள். நான் கைப்பேசியில் ஒரு படம் எடுப்பதற்குள் பாதை போய்விட்டது.

வீட்டை மனிதர் இருக்கும் இடமாக்க இரண்டு நாள் ஆனது. பருப்பில் வண்டு. மூடியே வைத்திருந்த குளிர்பெட்டியில் ஒரு புளித்த வாடை. மாடித் தொட்டியில் பாசி. எங்கள் மூன்று பேரின் உடம்பும் இன்னும் அந்த ஊர் மணியிலேயே இருந்தது; காலை பத்து மணிக்குத்தான் கண் திறந்தது. "லண்டன்காரங்க இன்னும் எந்திரிக்கலியா?" என்று சந்தில் கேலி பேசுவது காதில் விழும். நாங்கள் லண்டனைப் பார்க்கவே இல்லை. விமானம் மாறியதுகூட வேறு ஊரில். சொன்னால் யாரும் கேட்பதாக இல்லை.

மூன்றாம் நாள் அம்மா ஒரு பை சாக்லேட்டோடு சாவியை வாங்கிவர நாஸ்டாக் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கடை என்றால் அவர்கள் வீட்டின் முன்பக்கம். காலையில் இட்லி, சாயந்தரம் பஜ்ஜி. பின்னால் ஒரே அறை, ஒரு பரண். அத்தை, மாமா, மூன்று பிள்ளைகள், மாமாவின் தம்பி, அவன் மனைவி, கைக்குழந்தை என்று எட்டுப் பேர்.

கல்லாவில் இருந்த மாமா எழுந்து கும்பிட்டார். "வாங்கக்கா! இன்னா, கலரு ஏறிட்ட?"

"போய்யா, குளுருல வெளுத்துப் போச்சு" என்றாள் அம்மா.

"உன் வூட்டுக்கு ஒரு குறையும் இல்லக்கா. எங்க வூட்டுது ஒரு நாள் வுடல. தெனோம் மூணு மணிக்குத் தொடப்பத்தத் தூக்கிகினு கெளம்பிடும். ஒரு மணி நேரம் பெருக்கித் தொடச்சிட்டுத்தான் வரும். இங்க பஜ்ஜிக்கு வெங்காயம் அரிய ஆளில்லன்னு நான் கத்துவேன். காதுல போட்டுக்காது. இன்னாவோ உன் வூடுன்னா அதுக்கு உசுரு."

அடுப்பருகே நின்றிருந்த அத்தை திரும்பவில்லை. ஆனால் கரண்டி நின்றுவிட்டது. அம்மா அவள் முதுகைப் பார்த்தாள். அதற்குள் யாரோ இரண்டு பொட்டலம் கேட்க, மாமா சாவியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெடித்தாள்.

"பெருக்கித் தொடச்சாளாமே! நான் மூணு மொறம் கரி அள்ளிக் கொட்டினேன். என் வூட்டுப் பேரச் சொல்லி அஞ்சு மாசம் பொய் சொல்லிகினு திரிஞ்சிருக்கா. எத்துக்கு? இங்க குந்தி இன்னா கலீஜு பண்ணா?"

"கேட்டாத் தெரியும்."

"கேக்கத்தான் போறேன். அவ புருஷன வச்சிகினே கேக்கறேன். நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்."

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. நான் படித்து முடிக்கும்வரை ராயபுரத்தில் நான்கு வீடுகளில் பெருக்கித் துடைத்தவள் அவள். என் முதல் சம்பளத்தன்று அந்த வேலையை விட்டாள். அதற்குப் பிறகு அவள் துடைப்பம் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான். என்னைக்கூடத் தொடவிட மாட்டாள். அந்த வேலையின் பெயரில் ஒருத்தி பொய் சொன்னாள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எனக்கோ பொய்யைவிடச் சுவர்தான் மனதைக் குடைந்தது. தினம் ஒரு மணி நேரம் ஒரு மனுஷி அந்தச் சுவரில் எதைப் பார்த்தாள்?

பயிற்சி முடிந்து வந்ததிலிருந்து எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஜன்னலருகே மேசையைப் போட்டிருந்தேன். அன்று மதியம் மூன்று மணிக்கு அத்தை கடையிலிருந்து இறங்கி நேராக எங்கள் வாசலுக்கு வந்தாள். கையில் துடைப்பம். படியில் கால் வைத்தபிறகுதான் ஜன்னலில் என்னைக் கண்டாள் போலிருக்கிறது.

"ரெண்டு வெங்காயம் இருக்குதாம்மே?" என்றாள்.

மூட்டை வெங்காயம் வாங்கும் கடைக்காரி என்னிடம் இரண்டு வெங்காயம் கேட்கிறாள். கொடுத்தேன். துடைப்பத்தோடும் வெங்காயத்தோடும் திரும்பிப் போனாள்.

மறுநாள் அதே நேரம். "மணி இன்னா ஆச்சு?"

"மூணு, அத்த."

"சரி" என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே எட்டிக் கூடத்தைப் பார்த்தாள். நாற்காலியில் அப்பா வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். போய்விட்டாள்.

அதற்கு மறுநாள் அவள் காரணம் தேடுவதற்கு முன் நான் கதவைத் திறந்தேன். அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பழைய லாரிக்காரத் தோஸ்துகளைப் பார்க்கப் போயிருந்தார்.

"வாங்க அத்த. உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "தெரிஞ்சிபோச்சா?"

"நீங்க உக்காந்தது தெரியும். எதுக்குன்னு தெரியல."

உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்கப்பன் ஆத்தா மேல சத்தியமா ஒரு பொருளையும் தொடல. சொம்மாதான் குந்திகினு இருந்தேன்."

"சும்மான்னா?"

"சொம்மான்னா சொம்மாதாம்மே. மொதோ வெள்ளிக்கெயம வெளக்கு ஏத்த வந்தேன். காலு கடுத்திச்சு. செத்த குந்தலாம்னு குந்தி ஃபேன் போட்டேன். யாரும் கூப்புடல. 'அம்மா'ன்னு கூப்புடல, 'இந்தாம்மே'ன்னு கூப்புடல, 'ரெண்டு இட்லி'ன்னு கூப்புடல. இன்னாடா இதுன்னு அப்டியே இருந்துட்டேன். மறாநாளு மூணு மணிக்குக் காலு தானா இங்க வந்திச்சு."

"டிவி போட்டுக்கலாம் இல்ல?"

"போட்டா அதுலயும் யாராச்சும் பேசுவானுங்க."

"அந்தச் சுவர எதுக்குப் பாத்தீங்க?"

"வாசப் பக்கம் திரும்பிக் குந்துனா ஜன்னலு வழியா எங்க கடை தெரியும். அடுப்பு எரியுதா, புள்ள அழுவுதான்னு கண்ணு போவும். செவுத்துல ஒண்ணும் இல்ல பாரு." சிரித்தாள். "ஒரு நாள் எதையாச்சும் யோசிக்கலாம்னு பாத்தேன். ஒண்ணும் வரல. அதுவே சொகமா இருந்திச்சு. போவசொல்ல நாள்த்தாளக் கிழிச்சிட்டுப் போவேன். ஒரு வேலையும் செய்யாம போறோமேன்னு."

"மாமாகிட்ட இதையே சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு சொல்றது? சினிமாவுக்குப் போனேன்னா திட்டிட்டு வுட்டுருவாரு. வேல கெடக்கும்போது பூட்ன வூட்டுல செவுத்தப் பாத்துகினு குந்தியிருந்தேன்னா பேய் புடிச்சிச்சின்னு வேப்பல அடிப்பாங்க. இல்லாட்டி வேற மாதிரி பேசுவாங்க. நாப்பத்தஞ்சு வயசுல எனக்கு அது வோணுமா?" குரலைத் தாழ்த்தினாள். "உங்கம்மா மூஞ்சிய அன்னைக்கே பாத்தேன். அவராண்ட கேட்டுருச்சின்னா நான் தலையெடுக்க முடியாதும்மே. நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா கேக்கும்."

மாடிப்படியில் அம்மாவின் காலடி கேட்டது. அத்தை சட்டென்று வெளியேறிவிட்டாள்.

சாயந்தரம் அம்மா முகம் கழுவி, நல்ல புடவையை எடுத்துக் கட்டினாள். சண்டைக்குப் போகும்போதுதான் அவள் நல்ல புடவை கட்டுவாள். நான் கதவை மறித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அல்லது நம்பமாட்டாள் என்று. அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஃபேனு எந்த நம்பர்ல வச்சாளாம்?"

"அது நான் கேக்கலம்மா."

அம்மா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது.

"அங்க நீ வேலைக்குப் போயிடுவ" என்றாள் என் பக்கம் திரும்பாமல். "உங்கப்பன் பஸ்ஸப் பாக்கப் போயிடுவாரு. நான் அந்த ஜன்னலாண்ட குந்திகினு இருப்பேன். மொதோ மாசம் அழுகையா வந்திச்சு. பேச்சுத் தொணைக்கு ஈ காக்கா இல்ல. அப்பால எப்ப புடிச்சிச்சின்னு தெரியல. நீ வந்து கேட்டா சீரியலு பாத்தேன்னு சொல்லுவேன்."

எனக்கு நினைவிருந்தது. தினமும் சாயந்தரம் சீரியலில் என்ன ஆயிற்று என்று கேட்பேன். அவளும் ஏதோ கதை சொல்வாள். ஐந்து மாதமும் அந்தக் கதையை அவளே உண்டாக்கினாளா?

கேட்பதற்குள் எழுந்து போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பஜ்ஜிக்குக் கூட்டம் நிற்கிற நேரம். அத்தை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றாள். நல்ல புடவையில் அம்மாவைக் கண்டதும் அவள் கை மாவிலேயே நின்றுவிட்டது.

"இன்னாக்கா, விசேஷமா?" என்றார் மாமா.

"உன் பொண்டாட்டியப் பத்திப் பேசணும்" என்றாள் அம்மா, தெருவே கேட்கிற குரலில்.

"ஏன், இன்னா பண்ணிச்சு?"

"கெடுத்துட்டாய்யா. அஞ்சு மாசம் என் வூட்டக் கண்ணாடி மாதிரி வச்சிட்டா. இப்ப நான் பெருக்கினா எனக்கே புடிக்கல. அந்தூர்ல தூசி உறியற மிசினு வச்சி இஸ்து இஸ்து எனக்குக் குனியற பழக்கமே வுட்டுப்போச்சு. முட்டி வேற வலிக்குது. முன்னாடி மாதிரியே மூணு மணிக்கு அவளே வரட்டும். ஒரு மணி நேரம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவா?

மாமா தலையைச் சொறிந்தார். "வரதப் பத்தி இல்லக்கா. இங்க வெங்காயம்..."

"அந்த நேரத்துக்கு நான் வந்து குந்தி அரிஞ்சித் தரேன். குந்திகினு செய்யற வேலைன்னா எனக்கு நோவாது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் எப்போதும் அம்மாவோடு மல்லுக்கு நிற்கும் ஒருத்தி பொட்டலத்தை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "பொண்ணு சம்பாரிச்சா இப்டித்தான். நாலு வூடு பெருக்கின கையி, இப்ப சொந்த வூட்டுக்கே ஆளு வைக்குது."

அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். என் நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. அவளை யாரும் அப்படிச் சொல்லக்கூடாது என்றுதானே நான் படித்ததே. அம்மா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"ஆமாம்மே. லண்டன் போய்ட்டு வந்தேன் இல்ல? குனிய வரல" என்றாள் சிரித்துக்கொண்டே.

அத்தை வெந்த பஜ்ஜிகளை அரிகரண்டியில் அள்ளி, எண்ணாமல் ஒரு தாளில் கட்டி அம்மாவிடம் நீட்டினாள்.

அடுத்த நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. மூன்று மணிக்கு அத்தை துடைப்பத்தோடு வருவாள். அம்மா அரிவாள்மணையோடு கடைக்குப் போவாள்; ஐந்தரை மாதம் பேசாத பேச்சையெல்லாம் வெங்காயத்தோடு சேர்த்து அரிவது எங்கள் ஜன்னல்வரை கேட்கும். அப்பாவுக்குக் கண்டிப்பான உத்தரவு, நான்கு மணிக்கு முன் வீட்டுப் பக்கம் தலைகாட்டக்கூடாது. நான் உள்ளறையில் கணினியோடு இருப்பேன். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் வரும். தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்காது. ஒருமுறை தாங்கமுடியாமல் கதவிடுக்கில் பார்த்தேன். கைகளை மடியில் போட்டு, கண்ணைத் திறந்தபடி, சும்மா இருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நானும் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டேன். இதற்கு ஏதோ பயிற்சி வேண்டும் போலிருக்கிறது. எந்தக் கல்லூரியிலும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

சந்தில் இப்போது அம்மாவுக்கு மகாராணி என்று பெயர். குழாயடியில் அவள் குடத்தைத் தூக்கக் குனிந்தால், "ஐயோ, முட்டி!" என்று யாராவது பதறுவார்கள். அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்பாள்.

ஆனால் தூசு யாருக்காகவும் நிற்பதில்லை. ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு, தெரு எழுவதற்கு முன், கூடத்தில் சரக் சரக் என்று சத்தம் கேட்டு விழித்தேன். அம்மா விளக்குப் போடாமல், ஜன்னல்களைச் சாத்தி, முழுதாகக் குனிந்து தன் வீட்டைத் திருட்டுத்தனமாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளைக்கும்மா இப்டி?"

"மெதுவாப் பேசு" என்றாள். "அந்த மொறத்த எடு. வாசக் கதவு தாப்பா போட்டிருக்கான்னு பாரு மொதல்ல."